ஏழாவது பச்சை

லிஃப்ட் பொத்தானை அவர் ஒரே ஒரு முறை அழுத்தி இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஐந்து முறை, ஆறு முறை, மனசு சரியில்லாத நாளில் ஒன்பது முறை. விளக்கு எரிந்துவிட்டது, லிஃப்ட் இறங்கி வந்துகொண்டிருக்கிறது, எல்லாம் அவருக்கும் தெரியும். ஆனால் விரல் கேட்காது. "பாவம் சார் அது, வலிக்கும்," என்பார் குடியிருப்பின் காவலாளி. அவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே இன்னொரு குத்து குத்துவார்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த வலது கை ஆள்காட்டி விரலில்தான் தொடங்க வேண்டும். கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு விசை இருக்கிறது. அதை அழுத்தினால் திரையில் உள்ள பக்கம் மறுபடி புதிதாக வந்து நிற்கும். பதினோரு வருடமாக அழுத்தி அழுத்தி, அந்த விசையின் மேலிருந்த எழுத்தே அழிந்துபோய்விட்டது. கீபோர்டு கைக்கு எட்டாத நேரத்தில் மட்டும் விரல் சும்மா இருக்குமா என்ன? சாப்பாட்டு மேசை, பஸ் கம்பி, பல் தேய்க்கும் பிரஷ், எது கிடைத்தாலும் தட்டும். ஒரு நாள் தூக்கத்தில் மனைவியின் முழங்கையைத் தட்டியிருக்கிறார். "ஏங்க, இது என் கை. இதை எத்தனை தடவை அமுக்கினாலும் புதுசா ஒண்ணும் வராது," என்று அந்த அம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மைத்துனர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. "அவசரம் சாப்பிட்டாச்சா?", "அவசரத்தைக் கூப்பிடு, வைஃபை வரலை." அவரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ளவும் கொஞ்சம் உட்கார வேண்டுமே! நின்றபடி சாப்பிடுவார். நடந்தபடி போன் பேசுவார். வீட்டில் ஜன்னல் விளிம்பில் ஒன்று, துணி மெஷின் மேல் ஒன்று, செருப்பு அலமாரியில் ஒன்று என்று ஆறிப்போன டீ கப்புகள் எப்போதும் மூன்று இருக்கும். மூன்றிலும் அரைக்கு மேல் டீ மிச்சம்.

பிழைப்புக்குக் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு. ஆனால் அவர் உயிர் இருப்பது வேறு இடத்தில். கணினித் திரையில் நாம் தொடும் பொத்தான், இழுக்கும் பட்டை, திறக்கும் ஜன்னல், இவற்றையெல்லாம் மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் தானே செதுக்கிக்கொண்டிருப்பதில்லை. அதற்கென்று ரெடிமேடாக டூல்கிட் இருக்கிறது. விண்டோஸ், மேக், செல்போன், லினக்ஸ், எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஓடும். அதை எழுதுகிறவர்கள் எங்கோ இருக்கும் கெட்டிக்காரர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி இறக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த மூட்டையைப் பிரித்து, உதறி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் தொகுப்பு ஒன்றுக்குப் பொருந்துகிற மாதிரி சின்னச் சின்ன பேக்கேஜ்களாகக் கட்டி அனுப்புவது நம்மவர் பொறுப்பு. இதற்குச் சம்பளம் கிடையாது, தேங்க்ஸ் எப்போதாவது வரும், திட்டு மட்டும் தவறாமல் வரும்.

மூட்டைக்குள்ளே என்னவெல்லாம் இருக்கும் என்கிறீர்கள்? படத்தை விரித்துக்காட்டும் நிரல், எழுத்தை வரையும் நிரல் என்று தொகுப்பில் ஏற்கெனவே இருப்பவற்றின் நகல்களையும் உள்ளே திணித்து அனுப்பியிருப்பார்கள். நம்மவருக்கு அது அறவே ஆகாது. "ஓசியில உள்ள வந்து உக்காந்துட்டாங்க பாரு," என்று ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். பிறகு மிச்சத்தை நாற்பத்து மூன்று பேக்கேஜாக வெட்டுவார். ஜன்னல் மட்டும் போதும் என்கிறவன் சினிமா ஓட்டும் பகுதியையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்? ஒவ்வொரு பேக்கேஜிலும் ஒரு சீட்டு உண்டு. 'நான் ஓட வேண்டுமானால் இன்னின்னதெல்லாம் கூட இருக்க வேண்டும்' என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டு சரியாக இருந்தால் போதும், மற்றதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். அது தப்பினால் போச்சு.

கட்டி அனுப்பியதும் ஏழு வகைக் கணினிகள் அதை வாங்கித் தனித்தனியாகச் செய்துபார்க்கும். திரையில் ஏழு வரிகள். மஞ்சள் என்றால் வேலை நடக்கிறது, சிவப்பு என்றால் கவிழ்ந்தது, பச்சை என்றால் பிழைத்தது. ஆறு வரிகள் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். ஏழாவது ஒரு பழைய ரகக் கணினி. ஏதோ கல்லூரியின் நிலவறையில் தூசியும் தானுமாகக் கிடக்கிறதாம். அதற்கு மூன்றரை மணி நேரம் பிடிக்கும். அதன் பெயர் 'ஆமை'. "ஆமை என்ன சொல்லுது?" என்று மனைவியே கேட்கும் அளவுக்கு அது அந்த வீட்டு மனிதராகிவிட்டது.

அவருடைய மனைவி ஒரு மறுவாழ்வு மையத்தில் பிசியோதெரபிஸ்ட். கணவர் ஓடிக்கொண்டே இருப்பார், மனைவி நடக்க முடியாதவர்களை ஓர் அடி எடுத்துவைக்கச் சொல்லி அரை மணி நேரம் காத்திருப்பார். இரண்டு பேரும் எப்படித்தான் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்களோ! கணவரின் வேலை பற்றி உறவினர்களிடம் மனைவி தரும் விளக்கம் ஒரே வரி: "இவரு கம்ப்யூட்டர்ல பொட்டலம் கட்டுறாரு."

இந்தப் பொட்டல வேலையில் நம்மவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. வேறொரு நகரத்தில் வேதியியல் ஆசிரியை. எட்டு வருடமாக இருவரும் சேர்ந்து கட்டுகிறார்கள், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவர் 'டீச்சர்' என்பார், அந்த அம்மாள் 'சார்' என்பார். சண்டை போட்டாலும் மரியாதை குறையாது.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அந்தத் தொகுப்பின் புதிய பதிப்பு வெளிவரும். அதற்கு முன்னால் ஒரு நாள் மாலை சரியாக ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். ஐந்துக்குள் ஏழு பச்சையோடு உள்ளே போனது பதிப்பில் இருக்கும். போகாதது வெளியே நிற்கும், அடுத்த இரண்டு வருடத்துக்குப் பழையதுதான். இந்த டூல்கிட்டை நம்பி இருநூற்று அறுபது மென்பொருள்கள் வரிசையில் நின்றன. போன வியாழக்கிழமைதான் அந்த நாள்.

லீவு போட்டிருந்தார். காலை பத்து மணிக்கே ஏழும் பச்சை. வேறு யாராக இருந்தாலும் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். இவரோ பத்திலிருந்து பன்னிரண்டரை வரை அந்த விசையைத் தட்டிக்கொண்டே இருந்தார், பச்சை திடீரென்று நிறம் மாறிவிடுமோ என்று. நடுநடுவே எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து எதையும் எடுக்காமல் மூடினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மனைவி போன் செய்தார்.

"ஏங்க, அந்தக் கண்டக்டர் சார் பலகை இன்னும் பேசவே மாட்டேங்குது. எலக்ட்ரீஷியன் வந்து ஸ்பீக்கரை மாத்திட்டாரு. அப்பவும் பேசலை. தொட்டா பட்டன் அமுங்குது, சத்தம்தான் வரலை."

"எப்போலேர்ந்து?"

"செவ்வாக்கிழமைலேர்ந்து. அன்னைக்கே சொன்னேனே. நீங்க 'ம்ம்'ன்னீங்க."

சொல்லியிருக்கிறார். இவரும் 'ம்ம்' என்றிருக்கிறார். கண் அப்போது ஆமையின் மஞ்சளில் இருந்தது. காதில் விழுந்தது மனசுக்குள் இறங்கவில்லை.

கண்டக்டர் என்பவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, கூடவே பேச்சும் போய்விட்டது. இடது கையில் ஒரு விரல் சொன்னபடி கேட்கும். அவருக்காக மையத்தில் ஒரு சின்னத் திரையை வைத்திருந்தார்கள். 'தண்ணி', 'வலிக்குது', 'கால்', 'போதும்' என்று பெரிய பெரிய பொத்தான்கள். தொட்டால் பலகை உரக்கச் சொல்லும். கிடைத்தது ஒரே ஒரு தமிழ்க் குரல், அதுவும் சின்னப் பெண்ணின் கீச்சுக் குரல். இன்னும் என்னென்ன சொல் வேண்டும் என்று கேட்டபோது கண்டக்டர் பலகையில் எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டி மூன்று கேட்டு வாங்கினார்: 'ரைட் போலாம்', 'உள்ள தள்ளிப் போங்க', 'உக்காருங்க'. அந்த மூன்றும் கீச்சுக் குரலில் வரும்போது மையமே சிரிக்கும். அந்தப் பலகை மென்பொருள் நம்மவருடைய டூல்கிட்டில் ஓடுகிறது. புதிதாகக் கட்டும் பேக்கேஜ்கள் பதிப்பு வெளிவருமுன்பே தானாக வந்து இறங்கும்படி அதை அமைத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

போனைக் காதில் வைத்தபடியே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தடவை பேச்சுப் பகுதியைத் தனியாக வெட்டி நாற்பத்து மூன்றாவது பேக்கேஜ் ஆக்கியது அவர்தான். வேண்டாதவர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று எண்ணிச் செய்தது. ஆனால் சீட்டில் அதன் பெயர் இல்லை. சீட்டைத் தயாரிக்கும் கருவி, மென்பொருளுக்குள் வெளிப்படையாக எழுதியிருக்கும் பெயர்களைத்தான் பொறுக்கும். பேச்சுப் பகுதியோ ஓடும்போது கூப்பிட்டால்தான் வந்து நிற்கிற ஆள். கருவியின் கண்ணுக்கு அது தெரியாது. கையால் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். சோதனையிலும் பிடிபடவில்லை, ஏனென்றால் பொத்தான் எல்லாம் ஒழுங்காக அமுங்குகிறது. அவருடைய சொந்தக் கணினியில் பேசுகிறதே என்றால், அதில் நாற்பத்து மூன்றும் எப்போதுமே இருக்கும். தன் வீட்டில் எல்லாம் நிறைந்திருப்பவனுக்கு ஊரில் எது இல்லை என்று தெரியாமல் போனது.

ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பலாம். அனுப்பினால் பழைய ஏழு பச்சையும் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. ஆமைக்கு மூன்றரை மணி நேரம். மணி இப்போதே ஒன்றை நெருங்கிவிட்டது.

டீச்சரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சார், கையில வந்ததைக் கெடுத்துக்காதீங்க," என்றார் டீச்சர். "ஆமை நடுவுல ஒரு தடவை மூச்சு வாங்கினாலும் அஞ்சு மணி தாண்டிடும். இருநூத்தி அறுபது பேரு நம்மளை நம்பி நிக்குறாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத் திருத்தம்னு ஒண்ணு அனுப்பிக்கலாம்."

"ரெண்டு மாசம் பேசாம இருக்கணுமா டீச்சர்?"

"ரொம்பப் பேருக்கு இந்தப் பிரச்சினை வராது சார். ஆனா புகார் வரும், வந்ததும் உடனே..."

"யாருகிட்டேர்ந்து வரும்? பேச முடியாதவங்கதான் அதை யூஸ் பண்றாங்க. பேசலைன்னு எப்படி வந்து சொல்லுவாங்க? நான் வீட்டுலயே கேட்டுட்டு 'ம்ம்'ன்னுட்டேன் டீச்சர். எனக்கே கேக்கலை."

"நீங்க வரியை எழுதுங்க. நான் சரி பாக்குறேன். ரெண்டு பேர் கண்ணும் பாத்துடட்டும்," என்றார் டீச்சர்.

எழுதியது ஒரே வரி. அதை எட்டு முறை படித்தார். அனுப்பும்போது மணி ஒன்று ஐந்து. ஏழு வரிகளும் பச்சையை உதறிவிட்டு மஞ்சளாயின. ஆமை ஒன்று இருபதுக்குத்தான் வேலையைக் கையில் எடுத்தது. கணக்குப் போட்டால் நாலு ஐம்பது. ஐந்துக்கு மிச்சம் பத்தே நிமிடம்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மையத்துக்குக் கிளம்பினார். லிஃப்ட் பொத்தானைப் பதினொரு முறை அழுத்திவிட்டு, வருவதற்குள் படியில் இறங்கி ஓடினார். காவலாளி, "சார், இப்ப யாரு சார் இதுல வர்றது?" என்று கத்தியது கேட்டது. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றார். இரண்டரைக்கெல்லாம் ஆறு பச்சை. ஆமை மஞ்சள்.

மையத்தில் கண்டக்டர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். பெரிய மீசை, சட்டைப் பையில் இன்னும் ஒரு பேனா. மடியில் பலகை. நம்மவர் குனிந்து நின்றபடியே அதில் ஒரு கீபோர்டைச் செருகி, விட்டுப்போன நாற்பத்து மூன்றாவது பேக்கேஜைக் கையாலேயே ஏற்றினார். இரண்டு நிமிட வேலை. "இப்ப தொட்டுப் பாருங்க சார்," என்றார்.

கண்டக்டரின் இடது கை மெதுவாக எழுந்தது. அங்கே மட்டும் எந்த அவசரமும் இல்லை. விரல் இறங்கியது.

"வலிக்குது," என்றது கீச்சுக் குரல்.

மறுபடி விரல். "கால்." மறுபடி. "வலிக்குது." மறுபடி. "வலிக்குது."

மனைவி உடனே தரையில் உட்கார்ந்து அவருடைய வலது காலில் கட்டியிருந்த தாங்கு பட்டையைப் பிரித்தார். கணுக்காலுக்கு மேலே, பட்டையின் விளிம்பு அழுத்திய இடத்தில், ஒரு கொப்புளம் உடைந்து சிவந்து கிடந்தது.

"அய்யோ," என்றார் அங்கே நின்ற உதவியாளர் அம்மாள். "ரெண்டு நாளா காலைக் காலைக் காட்டினாரும்மா. செருப்பைக் கழட்டச் சொல்றாருன்னு நெனச்சுக் கழட்டினேன், மாட்டினேன். கோவமா தலையாட்டினாரு. ரிப்பேர்னு பலகையையும் எடுத்து வெச்சிருந்தோம். நான் என்ன கண்டேன்..."

மனைவி மருந்து வைத்துக் கட்டினார். கணவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. நாற்பத்து மூன்று பேக்கேஜ், இருநூற்று அறுபது மென்பொருள், ஏழு பச்சை என்று அத்தனை எண்ணையும் எண்ணிய மனிதர் இந்த ஒரு கொப்புளத்தை எண்ணவில்லை. இந்த ஊர்ப் பலகைக்காவது ஓடி வர ஓர் ஆள் இருந்தான். மற்ற ஊர்களில் எத்தனை மடியில் எத்தனை பலகை, எத்தனை கால்!

அதன்பிறகு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். குட்டி போட்ட பூனை தோற்றுவிடும். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல், போனில் ஒரு தட்டு, மறுபடி ஜன்னல். நாலு மணி, மஞ்சள். நாலு இருபது, மஞ்சள். நடைப் பயிற்சிக் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு நோயாளி, "சார், இந்தப் பக்கம் போறதா அந்தப் பக்கம் போறதான்னு சொல்லிட்டு நடங்க, எனக்குத் தலை சுத்துது," என்றார். நாலு முப்பத்தெட்டு. டீச்சரிடமிருந்து ஒரு செய்தி: 'நான் வகுப்பில் இருக்கிறேன். பாடம் ஓடவில்லை.' நாலு நாற்பத்து மூன்று. மஞ்சள்.

"உக்காருங்க," என்றது கீச்சுக் குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். கண்டக்டரின் விரல் பலகையின் மேல் இருந்தது. கண் நேராக நம்மவர் மேல்.

"இல்லை சார், பரவாயில்லை, நான் நிக்கிறேன்."

"உக்காருங்க. உக்காருங்க."

முப்பத்து மூன்று வருடம் நெரிசல் பஸ்ஸில் ஆளை அடக்கிய கண் அது. குரல் எட்டு வயதுப் பெண்ணுடையதாக இருந்தால் என்ன? நம்மவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் விரல் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டத் தொடங்கியது. டக், டக், டக். கண்டக்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு பலகையிலிருந்து இடது கையை எடுத்து, மெல்ல நகர்த்திக்கொண்டு வந்து, அந்த விரலின் மேல் வைத்தார். கனமான கை. உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது.

பையில் போன் அதிர்ந்தது.

அவர் எடுக்கவில்லை. இன்னொரு கை சும்மாதான் இருந்தது, அந்தக் கையாலும் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரம் நாலு ஐம்பத்தொன்று காட்டியது. மனைவி வந்து அவருடைய சட்டைப் பையிலிருந்து தானே போனை எடுத்துப் பார்த்தார்.

"ஆமை வந்துடுச்சுங்க. ஏழும் பச்சை. 'ஏற்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு." போனை அவர் பக்கம் நீட்டினார். "நீங்களே பாருங்க."

அவர் பார்க்காமலே தலையை ஆட்டினார். கண்டக்டரின் கைக்கு அடியில் விரல் பழக்கத்தில் ஒரே ஒரு முறை அழுத்திப் பார்த்தது. பிறகு அப்படியே கிடந்தது.